இரண்டு மூட்டைப் பொரி

தேடும் கட்டத்தில் ‘பிரஸ்’ என்று அடித்தாள் சங்கமித்ரா. ஒன்றும் வரவில்லை. ‘சென்சார்’ என்று அடித்தாள். அதற்கும் ஒன்றுமில்லை. ‘ஏழாம் நம்பர்’, ‘கோவிந்தப்பா’, ‘கை’ என்று வாயில் வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தாள். கடைசியாக, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டபடி, ‘பொரி’ என்று அடித்தாள். கம்ப்யூட்டர் ஒரு நொடி யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு அதற்கும் கையை விரித்தது. மணி எட்டேகால். பீன்யா செகண்ட் ஸ்டேஜில் இருந்த அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் தொடங்கி இரண்டு மணி நேரமாகியிருந்தது. அந்தப் பக்கம் பிரஸ் இறங்கும்போதெல்லாம் மேஜைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கோவிந்தப்பா நின்றிருந்தார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் இப்போது துண்டு மட்டும்தான். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டீ டைமுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தகட்டை அழுத்தி வெட்டும் ஏழாம் நம்பர் பவர் பிரஸ் அவற்றை எடுத்துக்கொண்டது. உள்ளே கை இருந்தால் பிரஸ்ஸை இறங்கவிடாமல் நிறுத்த வேண்டிய சென்சார் செத்துப்போய் நாலு மாசம் ஆகியிருந்தது.

“மித்ராம்மா, சிக்குச்சா?”

“தேடிட்டே இருக்கேன் அண்ணா. நீங்க போய் உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதருக்கு அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவருக்குக் கிடைத்தது ஒரு சார்ஜ் ஷீட். கவனக்குறைவாக வேலை செய்து கம்பெனியின் உற்பத்திக்கு இடையூறு விளைவித்தார் என்று அதில் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை என்கொயரி. குற்றம் ருசுவானால் வேலை போய்விடும். ரிட்டயராக இன்னும் நாலு வருஷம். சென்சார் பழுது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை என்பது கம்பெனியின் கட்சி. சொல்லியிருந்தார்கள். மார்ச் மாதம் இதே கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கோவிந்தப்பா சொல்ல, சங்கமித்ராதான் மெயில் எழுதினாள். அது இப்போது கிடைத்தாக வேண்டும். தொண்ணூறு நாளுக்கு மேல் எந்த மெயிலும் நிற்காது என்ற புது ஏற்பாட்டில் அது போன இடம் தெரியவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் மெஷினில் நிற்கிறவர்களுக்கு மெயில் ஐடி கிடையாது. பிரஸ் ஷாப் முழுக்க ஒரே ஐடி. அதற்கு ஒரே ஆள், சங்கமித்ரா. டைப்பிஸ்டாக அவள் சேர்ந்தது தொண்ணூற்றாறில். கோலார் தங்க வயலிலிருந்து ஒக்கலிபுரத்துக்குக் குடிவந்த அப்பா, அசோகச் சக்கரவர்த்தியின் மகள் பெயரை அவளுக்கு வைத்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவைத்து, பீன்யாவுக்கு பஸ் ஏற்றி அனுப்பினார். பஸ் போய் மெட்ரோ வந்துவிட்டது. ஸ்ரீராமபுரத்தில் ஏறி உட்கார்ந்தால் கண்மூடித் திறப்பதற்குள் பீன்யா. ஆனால் அவளுக்கு என்னவோ அந்தப் பழைய நெரிசல் பஸ்ஸில் வந்த காலத்தில்தான் வேலை வேலையாக இருந்தது என்று படும்.

முதல் கம்ப்யூட்டர் வந்தது இரண்டாயிரத்து நாலில், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால். அதன் நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்து, தூசி படாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, அதை எடுக்கவே இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தாள். அவள் அனுப்பிய முதல் மெயில், பூஜைக்கு பிரஸ் ஷாப்புக்கு இரண்டு மூட்டைப் பொரி வேண்டும் என்று பிளான்ட் மேனேஜர் டிரேவருக்கு எழுதியது. தலைப்பு: ‘பூஜை பொரி’. மகா கனம் பொருந்திய ஐயாவில் ஆரம்பித்து தங்கள் உண்மையுள்ள வரைக்கும் முக்கால் பக்கம். டிரேவரின் கேபின் அங்கிருந்து இருபதடி தூரம்தான். மனிதர் எழுந்து வெளியே வந்து, “மித்ரா, வந்துடுச்சு!” என்று ஷாப் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு வார்த்தையில் பதில் போட்டார். ‘கிராண்டட். டி.’

அப்புறம் அவளைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் புதுசாக மெயில் போடாதே, எனக்குத் தேடத் தெரியாது, இதற்கே ரிப்ளை போட்டுக்கொண்டிரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றிலிருந்து பிரஸ் ஷாப்பின் சுகதுக்கமெல்லாம் பூஜைப் பொரி என்ற தலைப்பின் கீழேயே போனது. கேன்டீன் சாம்பாரில் புளி அதிகம் என்றால் பூஜைப் பொரி. இரண்டாம் லைனுக்கு மேலே ஃபேன் வேண்டுமென்றால் பூஜைப் பொரி. முத்தம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது, புருஷன் கோவிந்தப்பாவை உடனே அனுப்ப வேண்டும் என்றாலும் பூஜைப் பொரிதான். எல்லாவற்றுக்கும் ‘கிராண்டட்’ வந்தது. அவள் அதை பிரின்ட் எடுத்து டைம் ஆபீஸ் பக்கத்துப் பலகையில் குத்துவாள். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாத கோவிந்தப்பாவுக்குக்கூட அந்த ஒரு வார்த்தையின் உருவம் தெரியும். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஆச்சு, ஆச்சு என்று சொல்லிக்கொண்டு போவார்.

டிரேவர் ரிட்டயரான அன்று அதே தலைப்பில் கடைசியாக ஒரு மெயில் போட்டார். தன் வீட்டு ஐடியையும் அதில் சேர்த்திருந்தார். என்னை இதிலிருந்து எடுத்துவிடாதே, பொரி வருகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார்.

பிறகு அவர் இடத்துக்கு ஷ்ரேயாஸ் வந்தார். மல்லேஸ்வரத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். வந்த மூன்றாவது மாதமே எல்லா ஆபீஸ்காரர்களையும் கூட்டி, மெயில் எப்படி எழுத வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். தலைப்பிலேயே விஷயம் தெரிய வேண்டும். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். என்ன வேண்டும் என்பது முதல் வரியில். தேவையில்லாதவர்களுக்கு நகல் வேண்டாம். சங்கமித்ரா ஏழு விதிகளையும் குண்டு குண்டு எழுத்தில் எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டிவைத்தாள். சரக்கு லாரிக்கும் பில்லுக்கும் அதன்படியேதான் எழுதினாள். ஆனால் மார்ச்சில் கோவிந்தப்பா வந்து, சென்சார் செத்துவிட்டது, சூப்பர்வைசரிடம் சொன்னால் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டு என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னபோது, அவள் கை தானாகப் பழைய பூஜைப் பொரி மெயில் சங்கிலிக்குத்தான் போனது. உயிர்போகிற விஷயத்தைக் கண்டகண்ட இடத்தில் போட முடியுமா? இருபது வருஷத்தில் அங்கே போட்டது எதுவும் வீண்போனதில்லை. ஷ்ரேயாஸின் ஐடியை அவர் வந்த அன்றே அதில் சேர்த்து வரவேற்பும் எழுதியிருந்தாள். பதில் வராததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் பதில் போடாவிட்டாலும் படிப்பார்கள் என்று நினைத்தாள்.

தேடிக் கிடைக்காத அன்று மத்தியானமே ஷ்ரேயாஸின் கேபினுக்குப் போனாள். அழிந்த மெயிலை மீட்க முடியாது, கம்ப்யூட்டர் ஆட்களிடம் கேட்டுவிட்டேன் என்றார் ஷ்ரேயாஸ். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல மேடம். ஆனா சிஸ்டம்ல இல்லாததை நான் எப்படிக் காட்டறது? எங்கயாவது காப்பி இருந்தா கொண்டுவாங்க. நானே ஃபைல்ல வெக்கறேன்.”

அப்போதுதான் டிரேவரின் வீட்டு ஐடி அவளுக்கு நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனில், கோல்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், டிரேவர் சர்ச்சிலிருந்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல் காத்திருந்தார். கண் சரியில்லை. கம்ப்யூட்டரில் எழுத்துகளைக் கட்டைவிரல் பருமனுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார். பிரஸ் ஷாப்பின் மெயில்களில் ஒன்றையும் அவர் அழிக்கவில்லை. பழையதையெல்லாம் ரிட்டயராவதற்கு முன்பே வீட்டு ஐடிக்கு அனுப்பிவைத்திருந்தார். இரண்டாயிரத்து நாலிலிருந்து எல்லாம் இருந்தது.

மார்ச் மெயிலுக்கு நேராகப் போயிருக்கலாம். இருவருக்கும் மனசு வரவில்லை. டிரேவர் மேலிருந்து ஆரம்பித்தார். செமிஃபைனல் மேட்சுக்கு கேன்டீனில் டி.வி. வேண்டும் என்ற மெயிலைப் படித்துவிட்டு, அன்றைக்கு ப்ரொடக்ஷனே ஆகவில்லை, ஹெட் ஆபீஸுக்குக் கரன்ட் கட் என்று சொன்னேன் என்று சிரித்தார். மழைத் தண்ணீர் ஸ்டோருக்குள் புகுந்த நாள் வந்தது. கோவிந்தப்பாவுக்குப் பெண் பிறந்த நாள் வந்தது. அதற்கு மட்டும் டிரேவர் ஒரு வார்த்தைக்குப் பதில் மூன்று வார்த்தை எழுதியிருந்தார்: ‘கிராண்டட். லட்டு எங்கே? டி.’ சங்கமித்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் போன வருஷம் பி.காம் முடித்துவிட்டாள். அந்த நாளெல்லாம் இப்படி ஒரு இடத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. வந்த காரியம் கொஞ்ச நேரம் மறந்தே போனது.

மார்ச் மெயில் கடைசியில் இருந்தது. வழக்கம்போல வணக்கம், நலம் எல்லாம் முடிந்து, கேன்டீனில் டம்ளர் போதவில்லை என்பதும் முடிந்து, மூன்றாவது பத்தியில் இருந்தது விஷயம். ‘ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் வேலை செய்யவில்லை. கோவிந்தப்பா கை வைக்கவே பயப்படுகிறார். தயவுசெய்து உடனே சரிசெய்து தரவும்.’

அதற்குக் கீழே ஒரு பதில். அன்று சாயங்காலமே டிரேவர் அவளுக்கு எழுதியது. ‘மித்ரா, அந்த பிரஸ்ஸை நிறுத்து. யார் பதிலுக்கும் காத்திருக்காதே. டி.’

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றே படித்தாள். ரிட்டயராகியும் சாருக்கு மேனேஜர் புத்தி போகவில்லை என்று சிரித்துக்கொண்டு மூடிவிட்டாள். அந்த மெயிலைப் படித்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர், பிரஸ்ஸை நிறுத்த அதிகாரம் இல்லாத ஒருவர்.

“நான் நிறுத்தியிருக்கணும் சார்,” என்றாள்.

“உன்னால எப்படிம்மா முடியும்? உன் மேஜைல பட்டனா இருக்கு?” டிரேவர் பிரின்டரில் பேப்பர் வைத்தார். “எடுத்துட்டுப் போ. இது போதும். இதைப் பாத்ததுக்கப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

திங்கட்கிழமை ஷ்ரேயாஸ் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு கதவைச் சாத்தினார். பூஜை, பர்த்டே, ஃபேர்வெல் என்று தலைப்பில் வரும் மெயிலெல்லாம் தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குப் போய்விடும்படி வைத்திருக்கிறேன், அதை நான் திறப்பதே இல்லை, ஒரு நாளைக்கு இருநூறு மெயில் வருகிறது என்றார். முகம் வெளுத்திருந்தது. மனிதர் வருத்தப்படுகிறார் என்று சங்கமித்ரா நம்பினாள். அது உண்மையும்கூட. சொன்ன சொல் தவறாமல் அன்றே அந்தத் தாளை என்கொயரி ஃபைலில் சேர்த்தார். அவள் வெளியே வந்து, கிடைத்துவிட்டது அண்ணா என்றாள். கோவிந்தப்பா வலது கையைத் தூக்கப்போய், நினைவு வந்து, இடது கையால் கும்பிட்டார். மறுநாள் முத்தம்மா ஒரு டப்பா நிறைய சிரோட்டி இனிப்பு செய்து கொடுத்தனுப்பினாள்.

வியாழக்கிழமை என்கொயரி நடத்த வந்தவர் வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். கான்ஃபரன்ஸ் ரூமில் ஏ.சி. அதிகம். கோவிந்தப்பா துண்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இந்தத் தடவை நாற்காலியில். சாட்சியாக சங்கமித்ரா. வக்கீல் மெயிலை எடுத்து, முதலில் தலைப்பைப் படித்தார். பக்கத்திலிருந்த ஹெச்.ஆர். பையன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். வக்கீல் சிரிக்கவில்லை. மூன்றாவது பத்தியைப் பென்சிலால் கோடிட்டு, இதை எழுதச் சொன்னது நீங்கள்தானே என்று கன்னடத்தில் கோவிந்தப்பாவைக் கேட்டார். ஆமாம் என்றார் கோவிந்தப்பா. மார்ச்சிலேயே சென்சார் வேலை செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியும்? தெரியும். கை வைத்தால் ஆபத்து என்றும் தெரியும்? தெரியும், அதனால்தான் சொன்னேன் என்றார், பெருமையாகவே.

தெரிந்தும் நாலு மாசம் கை வைத்திருக்கிறீர்கள் என்றார் வக்கீல். எழுதிக்கொண்டார்.

கோவிந்தப்பாவுக்குப் புரிய கொஞ்ச நேரமானது. புரிந்ததும் சங்கமித்ராவின் பக்கம் திரும்பி, கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார்.

“கை வெக்காட்டி பீஸ் எப்படிம்மா வெளிய வரும்?”

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சங்கமித்ரா சொல்ல ஆரம்பித்தாள், பிளான்ட் ஹெட்டுக்கு அந்த மெயில் போயிருக்கிறது, அவர் ஃபோல்டரில் இருந்திருக்கிறது என்று. வக்கீல் ஷ்ரேயாஸைப் பார்த்தார். ஷ்ரேயாஸ் மேஜையைப் பார்த்தபடி, உரிய முறையில் புகார் எதுவும் தன் கவனத்துக்கு வரவில்லை என்றார். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. தேடித் தேடி, பிரேசர் டவுன் வரை போய், தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்த தாள் அந்த வக்கீலின் பென்சிலுக்குக் கீழே கிடந்தது. கொண்டுவராமலிருந்தால் கோவிந்தப்பாவுக்குத் தெரியும் என்பதற்கு அத்தாட்சியே இருந்திருக்காது.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. குற்றம் ருசு. ஆனால் நீண்ட கால சேவையைக் கருதி, மனிதாபிமானத்தோடு, அவராக ராஜினாமா எழுதிக்கொடுத்தால் கான்ட்ராக்டர் மூலம் கேன்டீனில் வேலை தரப்படும் என்று இருந்தது. ராஜினாமாவை எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமே. கோவிந்தப்பா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வந்து நின்றார். தாளை நீட்டினார். சங்கமித்ரா ஏழு விதிகளின்படியும் எழுதினாள். தலைப்பில் விஷயம், முதல் வரியில் வேண்டுவது, மொத்தம் மூன்று வரி. அனுப்பிய பதினோராவது நிமிஷம் பதில் வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், மெஷின்களைக் கழுவித் துடைப்பதற்காக லைன் நின்றிருந்தது. ஆட்கள் சும்மா இருக்கிற நேரம் என்று ஷ்ரேயாஸ் மறுபடி மெயில் வகுப்பு வைத்தார். இந்தத் தடவை ஹொசூர் யூனிட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஸ்லைடு தயாரித்ததும் பேசியதும் ஹெட் ஆபீஸ் பெண், சஹானா. இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சுறுசுறுப்பான நல்ல பெண். தலைப்பு ஏன் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினாள்.

திரையில் சங்கமித்ராவின் மெயில் வந்தது. பெயரும் தேதியும் மறைக்கப்பட்டிருந்தன. ‘பூஜை பொரி’ என்பதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதற்குக் கீழே வணக்கமும் டம்ளரும் மூன்றாவது பத்தியும் தெரியாதபடி எல்லாம் மங்கலாக்கப்பட்டிருந்தது. ஒரு மெஷின் ரிப்பேர் ரிக்வெஸ்ட்டை இப்படி ஒரு தலைப்பில் அனுப்பினால் யார்தான் திறப்பார்கள் என்று சஹானா கேட்டாள். ரூம் சிரித்தது. ஷ்ரேயாஸ் மட்டும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு கேன்டீன் டிரே வந்தது. டீயும், காகிதப் பொட்டலங்களில் பூஜைப் பொரியும். ஹொசூர் ஆள் ஒருவர் திரையையும் டிரேயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “யாருப்பா சொன்னது மெயில் வேலை செய்யலன்னு? பொரி கரெக்டா வந்துடுச்சே,” என்றார். சிரிப்பு இரட்டிப்பானது. டிரேயைப் பிடித்திருந்த கோவிந்தப்பாவும், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். அவருக்குப் புது யூனிஃபார்ம், கான்ட்ராக்டருடைய மஞ்சள் சட்டை.

ஒவ்வொரு மேஜையாக வைத்துக்கொண்டு வந்தவர் சங்கமித்ராவிடம் வந்ததும் நின்றார். திரையை ஏறிட்டுப் பார்த்தார். பலகையில் குத்தியிருக்கும் பழைய தாள்களைப் பார்ப்பதுபோலவே, மேலிருந்து கீழே, தனக்குத் தெரிந்த அந்த ஒரு உருவத்தைத் தேடினார்.

“நம்ம மெயில் மாதிரி இருக்கே மித்ராம்மா,” என்றார் மெதுவாக. “கிராண்டட் எங்க, காணோம்?”

அவள் பேனாவை எடுத்து நோட்டில் தேதி எழுதினாள். அவர் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு பொட்டலத்தைப் பிடித்து அவள் முன்னால் வைத்தார். பிடி நிற்காமல் அது சாய்ந்து, பொரி அவள் நோட்டின்மேல் கொட்டியது. “சாரிம்மா,” என்று சொல்லி, மிச்ச விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.